கான்பூரில் ஒரு பின்னற்கலை

கங்கைக் கரை நகரங்களுள் காசிக்கும் பிரயாகைக்கும் நம்மவர் ஆண்டுதோறும் சென்று வருகின்றனர். அவ்விரண்டிற்கும் மேற்கே, அதே ஆற்றின் வலக்கரையில் கான்பூர் நகரம் இருக்கின்றது. அதனைப் புகைவண்டியின் சன்னல் வழியாகப் பார்த்து, 'ஆலைகள் நிறைந்த ஊர்' என்று ஒரே தொடரில் அடக்கிவிட்டு மேலே செல்வோரே பலர். புண்ணியத்தலம் என்ற பெயரோ, பளிங்கு மாளிகை உடையது என்ற புகழோ அவ்வூருக்கு இல்லை. ஆயினும், மனிதனுடைய கை எத்துணை நுட்பமான வேலையைச் செய்ய வல்லது என்பதைக் காண விரும்புவோர்க்கு அதுவும் ஒரு தலமே ஆகும். அங்கே தோலை வாராக அறுத்து, வாரைப் பின்னிச் சாட்டை செய்யும் கலையைச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அருகிருந்து பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. கண்டவற்றையும் கற்றவற்றையும் நம் இதழின் நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாட்டையைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லிலிருந்தே தொடங்குவோம். நாம் வழங்கும் 'சவுக்கு' என்னும் சொல் பாரசீக மொழியின் 'சாபுக்' என்பதன் வழிவந்தது. அதே சொல் மலாய் நாட்டின் வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை சென்று, அங்கே 'ஷாம்பொக்' என்று உருமாறி வழங்குகிறது. இந்தி பேசுவோர் 'சாபுக்', 'கோடா' என்பதோடு 'ஹண்டர்' என்றும் கூறுவர். அஃது ஆங்கிலேயர் வேட்டைக்குக் கொண்டுசென்ற சாட்டையால் வந்த பெயர். 1935இல் பம்பாயில் எடுக்கப்பட்ட 'ஹண்டர்வாலி' படத்தில் நாடியா என்னும் நடிகை சாட்டை ஏந்தி வந்தபோது வடநாடே வியந்தது. 1965இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சவுக்கைக் கையில் எடுத்த காட்சியை நம் இல்லங்களில் மறந்தவர் எவர்? நம் ஊர்ச் சிறுவர்க்கோ, பம்பரத்தைச் சுற்றும் கயிறும் சாட்டையே. இத்தனை இடங்களில் வாழும் ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று அறிய விரும்புவது இயல்பேயன்றோ?

ஊரும் தோலும்

கான்பூர் பழைய தலைநகரம் அன்று. 1801இல் அயோத்தி நவாபு செய்துகொண்ட உடன்படிக்கையால் இப்பகுதி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. கங்கைக் கரையில் பெரியதொரு படைமுகாம் வளர்ந்தது. படை இருக்கும் இடத்தில் குதிரைகள் இருக்கும். குதிரைகள் இருக்கும் இடத்தில் சேணமும் கடிவாளமும் வாரும் சாட்டையும் வேண்டும். 1857ஆம் ஆண்டுப் பெரும் புரட்சியில் இந்நகரம் பட்ட பாட்டை வரலாறு கற்றோர் அறிவர். புரட்சி அடங்கிய சின்னாட்களில், 1859இல், அலகாபாத்திலிருந்து இருப்புப்பாதை இங்கு வந்து சேர்ந்தது. அதை அடுத்து, படைக்கு வேண்டிய குதிரைச் சாமான்களைச் செய்ய அரசாங்கமே ஒரு தொழிற்சாலையை நிறுவியது. அதன்பின் கூப்பர் ஆலன் கம்பெனி பூட்சுகள் செய்யத் தொடங்கியது. சுற்றுப்புறக் கிராமங்களில் தோல் மலிவாகக் கிடைத்தது; தோலைப் பதனிடும் கருவேலம்பட்டை காடுகளில் கிடைத்தது; நீருக்குக் கங்கை இருந்தது; வாங்குவதற்குப் படை இருந்தது. இந்நான்கும் ஒன்றுசேர்ந்த இடத்தில் தோல் தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை.

அந்தப் பழைய சேணத் தொழிற்சாலை இன்றும் மறையவில்லை. பெயர் மாறி, பொருள் மாறி, படைக்கருவித் தொழிற்சாலைகளுள் ஒன்றாக இயங்கிவந்தது. 2021இல் அத்தொழிற்சாலைகள் அனைத்தும் ஏழு அரசாங்கக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி ஒன்றில் சேர்ந்தது. தனியார் பட்டறைகளோ நகரெங்கும் பரவியுள்ளன. கான்பூர்ச் சேணப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குதிரையேற்றம் பயிலும் பலர் கையில் உள்ள கடிவாளம் இந்நகரத்தின் ஏதோ ஒரு சந்தில் தைக்கப்பட்டதாக இருக்கலாம்.

நமக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. 1925 டிசம்பரில் இங்கே கூடிய முதல் கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைச் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர். நேதாஜியின் படையில் ஜான்சிராணிப் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து, கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்து, 2012இல் இவ்வூரிலேயே மறைந்தார். படைத் தொழிற்சாலைகளிலும், 1959இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வாறு வந்து, ஓய்வு பெற்றபின்னும் இங்கேயே தங்கிவிட்ட பெரியவர் ஒருவரை நாங்கள் 'மாமா' என்றே அழைப்போம். அவர்தாம் என்னைச் சாட்டைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றவர்.

ஜாஜ்மாவுச் சந்துகள்

நகரின் கிழக்கு எல்லையில் ஜாஜ்மாவு இருக்கிறது. யயாதி மன்னனின் கோட்டை என்று மக்கள் கூறும் பழைய மண்மேடு ஒன்று ஆற்றோரம் உயர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தைச் சூழ்ந்து நூற்றுக்கணக்கான தோல் பதனிடும் சாலைகள். ஈரத் தோல்களை ஏற்றிய குதிரை வண்டிகள் குறுகிய தெருக்களில் முட்டிமோதிச் செல்கின்றன. குரோம் உப்பில் பதப்பட்ட தோல்கள் வெளிர்நீல நிறத்தில் வெட்டவெளியில் உலர்கின்றன. வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. கால்மணி நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. மாமா மட்டும் கைக்குட்டையை எடுக்கவே இல்லை. இங்கே மூக்கைப் பொத்துவது, விருந்துக்குச் சென்ற வீட்டில் முகம் சுளிப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து.

இத்தொழிலைச் செய்வோர் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினரும், மகான் ரவிதாசரைக் குருவாகப் போற்றும் குடும்பத்தினருமே ஆவர். காசியிலே தோல் தொழில் செய்து வாழ்ந்த அந்த ரவிதாசருடைய பாடல்கள் சீக்கியரின் ஆதி கிரந்தத்தில் இடம்பெற்றுள்ளன. தெற்காயினும் வடக்காயினும், தோலைத் தொடுபவனைத் தொடாத சமுதாயம், அவன் செய்த செருப்பையும் மத்தளத்தையும் சேணத்தையும் மட்டும் தயங்காது ஏற்றுக்கொண்டது. அவ்வெண்ணம் இன்னும் முற்றிலும் அழிந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை.

நாங்கள் சென்ற பட்டறை இரண்டே அறைகள் கொண்டது. அதன் தலைவரை யாவரும் 'உஸ்தாத்' என்றனர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். அறுபது வயதைக் கடந்தவர். தரையில் சாக்கு விரித்து, சுவரில் அறைந்த ஓர் இரும்புக் கொக்கியின் எதிரே அமர்ந்திருந்தார். அந்தக் கொக்கிதான் அவருடைய பள்ளிக்கூடம். வார்களின் தலைப்பை அதில் மாட்டி, தம் உடலின் பாரத்தால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னுவதே முறை.

தோல் வாராகும் வகை

சாட்டை பின்னக் கற்க வந்தவனுக்கு உஸ்தாத் முதலில் பின்னலைக் கற்பிப்பதில்லை. தோலைப் பார்க்கக் கற்பிக்கிறார். ஒரு தோலின் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது. இழுத்தால் அதிகம் நீளாது. வயிற்றுப் பகுதி தளர்ந்தது. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும். இவ்விரண்டிலிருந்தும் எடுத்த வார்களைக் கலந்து பின்னினால், சில நாள் உழைத்தபின் ஒன்று தொய்ந்தும் மற்றொன்று இறுகியும் சாட்டை கோணிவிடும். ஆதலால் தோலைக் கையால் தடவியும் மடித்தும் இழுத்தும் அதன் குணத்தை அறிந்துகொள்வது முதற்பாடம். கான்பூரில் மிகுதியும் பதனிடப்படுவது எருமைத்தோல், அது தடிப்பானது. அதைச் சீவி மெல்லிதாக்கியே நுண்ணிய பின்னலுக்குப் பயன்படுத்த வேண்டும். உலகில் சாட்டைக்குத் தலைசிறந்தது ஆஸ்திரேலியக் கங்காருவின் தோல் என்பர். மெல்லியதாக இருந்தும் எளிதில் அறாத வலிமை அதற்கு உண்டு.

இரண்டாம் பாடம் வார் அறுத்தல். நீண்ட வார் வேண்டுமென்றால் நீண்ட தோல் வேண்டும் என்றே நாம் நினைப்போம். அது தேவையில்லை. வட்டமாக நறுக்கிய ஒரு துண்டின் விளிம்பிலிருந்து தொடங்கி, ஆப்பிளின் தோலை உரிப்பதுபோலச் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே போனால், சிறு துண்டும் நெடிய வாராகிவிடும். ஓரடி விட்டமுள்ள வட்டத்தைக் கால் அங்குல அகலத்தில் இவ்வாறு அறுத்தால் முப்பதடிக்கு மேல் வார் கிடைக்கும். பள்ளியில் வட்டத்தின் பரப்பளவைக் கணக்கிடும் நம் பிள்ளைகள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். பெரியதொரு சாலையில் கழித்துத் தள்ளிய துண்டுகளிலிருந்தே ஏழைப் பட்டறைகள் வார் எடுத்து வாழ்வது இந்தக் கணக்கினால்தான்.

அறுத்த வாரை அப்படியே பின்னுவதில்லை. முதலில் அதனை நன்றாக இழுத்து, நீளக்கூடிய மட்டும் நீளச் செய்துவிட வேண்டும். இழுத்தபின் அகலம் சில இடங்களில் குறுகும். ஆகவே மீண்டும் ஒரே சீராக நறுக்குவர். பிறகு, 'ராம்பி' என்று வடநாட்டில் வழங்கும் அகன்ற அலகுடைய கத்தியால் வாரின் உட்புற ஓரங்களைச் சரிவாகச் சீவுவர். ஓரம் சீவிய வார்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது மேடுபள்ளம் தோன்றாது. கடைசியாகக் கொழுப்பும் சவர்க்காரமும் காய்ச்சிக் கலந்த பசையை வாரில் தடவுவர். வார் வழுக்கிக்கொண்டு தன் இடத்தில் இறுக அமர்வதற்கு இது உதவுகிறது. இவ்வளவும் முடிந்தாலன்றிப் பின்னல் தொடங்குவதில்லை. வேலையின் பெரும்பகுதி பின்னலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பார் உஸ்தாத்.

பின்னும் முறை

சாட்டையை வெளியே பார்ப்பவர்க்கு ஒரே பின்னல்தான் தெரியும். உள்ளே மற்றொரு சாட்டை மறைந்திருக்கிறது. நடுவில் கூர்ந்து செல்லும் ஒரு தோல் துண்டு, அதன்மேல் நான்கு வார்களால் ஓர் உட்பின்னல், அதன்மேல் தோலுறை, அதற்கும் மேலே எட்டு, பன்னிரண்டு, சில சாட்டைகளில் பதினாறு வார்களால் மேற்பின்னல். உட்பகுதி சீராக இல்லாவிட்டால், மேற்பின்னல் எத்துணை அழகாயினும் சாட்டை நேராக ஓடாது. வெளியே காட்ட இயலாத வேலையில் குறை வைக்காதிருப்பதே ஒரு தொழிலாளியின் நேர்மைக்கு அளவுகோல்.

எட்டு வார்ப் பின்னலின் முறை இது: நான்கு வார்கள் இடக்கையில், நான்கு வலக்கையில். இடப்புறத்தில் எல்லாவற்றிற்கும் மேலே உள்ள வாரை எடுத்து, பின்புறமாகச் சுற்றி வலப்புறம் கொண்டுவந்து, அங்குள்ள வார்களில் இரண்டின் கீழும் இரண்டின் மேலுமாக நுழைத்து, மறுபடியும் தன் இடப்பக்கத்திற்கே சேர்க்க வேண்டும். அடுத்து வலப்புறத்தின் மேல்வார் இவ்வாறே இடப்புறம் சென்று திரும்பும். இவ்வளவே சூத்திரம். இதனை ஒரு நாழிகையில் எவரும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இழுப்பதைக் கற்க ஆண்டுகள் ஆகின்றன. காலையில் கை வலுவாக இழுக்கும், மாலையில் தளரும். நல்ல பின்னல்காரன் செய்த சாட்டையில், எந்தப் பகுதி காலையில் பின்னியது, எது மாலையில் பின்னியது என்று எவராலும் காட்ட இயலாது.

சாட்டை கைப்பிடியின் அருகே பருத்தும் நுனியில் மெலிந்தும் இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வாரையும் நுனி நோக்கிக் குறுகி வரும்படி அறுத்திருப்பர். அதுவும் போதாதபோது, பன்னிரண்டு வார்களுள் இரண்டை உள்ளே மறைத்துவிட்டுப் பத்தாகவும், பின்னர் எட்டாகவும் குறைத்துக்கொண்டு செல்வர். வார் மறைந்த இடம் வெளியே தெரியாதிருப்பது கைத்திறன். பின்னி முடித்ததைப் பலகைகளின் இடையே வைத்து உருட்டி வழவழப்பாக்குவர். பிரம்பினாலோ மரத்தினாலோ ஆன கைப்பிடிக்கும் தோற்பின்னல் உறை உண்டு. நுனியில் ஒற்றை வார் ஒன்றும், அதன் முடிவில் முறுக்கிய நூல் குஞ்சமும் கட்டினால் சாட்டை நிறைவெய்தும்.

ஒருநாள் எங்களுடன் மாமாவின் பேத்தியும் வந்திருந்தாள். பள்ளியில் படிக்கும் சிறுமி. உஸ்தாதின் கையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது பாட்டி எனக்குப் போடும் நாலுகால் பின்னல் மாதிரியே இருக்கிறதே" என்றாள். மாமா அதை இந்தியில் சொன்னார். உஸ்தாத் சிரித்து, நான்கு வார்களைக் கொக்கியில் மாட்டி அவளிடம் நீட்டினார். 'சாச்சா, சாச்சா' என்று கேட்டுக் கேட்டு அவள் பின்னினாள். கூந்தல் பின்னலில் பழகிய விரல்கள். அரை மணியில் ஒரு சாண் நீளம் ஒழுங்காக வந்துவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காலையில் செய்யும் வேலைக்குள் இத்தனை பெரிய தொழிலின் வித்து இருக்கிறது என்பதை அன்றுதான் யாவரும் உணர்ந்தோம்.

நுனியில் பிறக்கும் இடி

சாட்டையைச் சொடுக்கும்போது எழும் ஓசை, தோல் தரையிலோ தன்மீதோ மோதுவதால் உண்டாவதன்று. கையில் பிறந்த அசைவு ஒரு வளைவாகச் சாட்டையின் நெடுகே ஓடுகிறது. பருத்த பகுதியைத் தள்ளிய ஆற்றல், மெலிந்த பகுதிக்கு வரும்போது தள்ளவேண்டிய எடை குறைந்துவிடுகிறது. ஆதலால் வேகம் பெருகுகிறது. முடிவில் அது காற்றில் ஒலி செல்லும் வேகத்தை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரை, மிஞ்சிவிடுகிறது. விரைவு விமானம் ஒலியை மிஞ்சும்போது எழும் இடியோசை எதுவோ, சாட்டையின் ஓசையும் அதுவே. ஓடிவரும் வளைவே அவ்வோசைக்குப் பிறப்பிடம் என்று அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் இருவர் 2002இல் விளக்கினர். விமானம் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்தறியாத ஓர் ஆயன் கையில் ஒலியை வென்ற கருவி இருந்தது என்பது எத்துணை வியப்பு! பருமன் படிப்படியாகக் குறைய வேண்டும் என்று உஸ்தாத் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. இடையில் ஓரிடம் சட்டென்று மெலிந்தால் வளைவு அங்கேயே தடுமாறி நின்றுவிடும்.

அடிக்கும் கருவியா, அழைக்கும் கருவியா?

இத்தனை அழகிய பொருள் பிற உயிரை வருத்துவதற்குத்தானே என்ற வினா என் உள்ளத்தை உறுத்தாமல் இல்லை. உஸ்தாதிடம் கேட்டேன். நல்ல வண்டிக்காரனுடைய சாட்டை காற்றைத்தான் அடிக்கும், குதிரையை அடிக்காது. அடித்தே ஓட்டுகிறவனுக்குச் சாட்டை எதற்கு, ஒரு தடியே போதுமே என்றார். ஆஸ்திரேலிய மேய்ப்பரும் ஓசையினால்தான் மந்தையைத் திருப்புகின்றனர். ஆயினும் எல்லா வண்டிக்காரரும் நல்ல வண்டிக்காரர் அல்லர். அதனால்தான் சட்டம் வேண்டியிருந்தது.

அச்சட்டத்தின் பின்னும் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி நிற்கிறார். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் விலங்குகளின் துயர் பற்றித் தனி மசோதாக் கொண்டுவந்தார். அதன் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1965இல் வகுத்த விதிகள் வண்டி மாடுகளையும் குதிரைகளையும் முள் பதித்த கோலால் குத்தி ஓட்டுவதைத் தடுத்தன. குதிரைப் பந்தயத்திலும் இன்று பல நாடுகளில் சாட்டைக்கு வரம்பு உண்டு. பிரிட்டனில் 2023இல் வந்த விதிப்படி, சமதளப் பந்தயத்தில் ஆறு முறைக்கு மேலும், தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு முறைக்கு மேலும் வீரன் அதைப் பயன்படுத்தலாகாது. சாட்டையும் மெத்தென்ற உறை இட்டதாகவே இருக்க வேண்டும். கருவி ஒன்றே, அதைப் பிடிக்கும் கை எத்தகையது என்பதே கேள்வி.

இரு ஆறுகளின் கண்ணீர்

தோலைப் புகழ்ந்து எழுதும்போது ஆற்றை மறப்பது முறையன்று. பதனிடும் சாலைகளின் கழிவு நெடுங்காலம் கங்கையில் கலந்தது. எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்து, கழிவைத் தூய்மை செய்ய ஏற்பாடு இல்லாத சாலைகளை மூடும்படி ஆணையிட்டது. பின்னர் ஜாஜ்மாவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. எனினும் சிக்கல் தீரவில்லை. 2019ஆம் ஆண்டுக் கும்பமேளாவை ஒட்டிச் சாலைகள் பல வாரங்கள் மூடிக் கிடந்தன.

இதைக் கேட்டு, 'வடநாட்டார் இப்படித்தான்' என்று நாம் கூற முடியுமா? நம் பாலாற்றை நினைத்துப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைச் சாலைகளின் கழிவு கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. அது குறித்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்னும் கொள்கையை நாட்டில் நிலைநாட்டியது. இந்தியாவில் குரோம் முறையில் தோல் பதனிடும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில்தான் தொடங்கியது. அதற்கு முன் நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தோல் உலகச் சந்தையில் பெயர் பெற்றிருந்தது. 1948இல் சென்னையில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று கான்பூரிலும் பணியாற்றுகிறது. நோயும் ஒன்று, மருந்து தேடுவோரும் ஒருவர் எனலாம். பட்டையால் பதனிட்ட தோலே பின்னலுக்கு உகந்தது என்று உஸ்தாத் கூறியபோது, ஆற்றுக்கும் ஓரளவு அதுவே உகந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

இனிக் கற்பவர் யார்?

இன்று கடைகளில் விற்கும் குதிரைச் சாட்டைகளுள் பெரும்பாலானவை கண்ணாடி இழைத் தண்டின்மேல் எந்திரம் நைலான் நூலைப் பின்னிச் செய்தவை. அவை விலை மலிவு, மழைக்கும் கெடா. அவற்றோடு கை போட்டியிட இயலாது. அதற்கு மேலும் ஓர் அடி, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது விழுந்தது. வெளிநாட்டையே நம்பிய சேணப் பட்டறைகள் பல கலங்கின. உஸ்தாதின் மூத்த மகன் மின்சார ரிக்ஷா ஓட்டுகிறான். இளையவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவர்கள்மீது அவருக்கு வருத்தமில்லை. இந்தத் தொழிலில் தாம் பட்ட அவமதிப்பு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றே அவரும் எண்ணினார். ஆனால் தம் கைக்குப் பின் இந்தக் கொக்கி வெறுமனே சுவரில் இருக்கும் என்று அவர் சொன்னபோது குரல் தாழ்ந்தது.

தொழில் நிலைக்க வேண்டுமென்றால் தொழிலாளி இழிவிலேயே கிடக்க வேண்டும் என்று எவரும் கூறலாகாது. கலை அழிகிறதே என்று இரங்குவது எளிது. அக்கலையைச் செய்பவனுக்குத் தக்க கூலியும் மதிப்பும் தராமல் இரங்குவது போலித்தனம். வீணை செய்பவரையும் பட்டு நெய்பவரையும் கலைஞர் என்று போற்றும் நாம், தோலைப் பின்னுபவரை மட்டும் அவ்வாறு அழைக்க நா கூசுவது ஏன்?

ஒரு செய்தி மகிழ்ச்சி தந்தது. அக்குடும்பத்தில் பெண்களுக்கு இத்தொழிலைக் கற்பிக்கும் வழக்கம் இல்லை. மாமாவின் பேத்தி பின்னியதை வீட்டின் உள்ளிருந்து பார்த்த உஸ்தாதின் பேத்தி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொக்கியின் எதிரே அமர்ந்திருந்தாள். அவள் பின்னியது சாட்டை அன்று. சாவிக்கொத்துக்கான சிறு வார்ப்பின்னல். அதே எட்டு வார்ப் பின்னலால் இடைவார், பைக்குப் பிடி, கைக்கடிகார வார், நாய்க்குக் கட்டும் வார் யாவும் செய்யலாம். குதிரைகள் குறைந்த காலத்திலும் இவற்றை வாங்குவோர் குறையவில்லை. சாட்டைக்குப் பிறந்த கலை, சாட்டையை விட்டு வெளியே வந்து பிழைத்துக்கொள்ளக் கூடும் என்று தோன்றிற்று.

செல்ல விரும்புவோர்க்கு

தில்லியிலிருந்து கான்பூர் ஏறத்தாழ 440 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ராப்திசாகர் விரைவு வண்டி நேராக இங்கு வருகிறது. 2021இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ வண்டி 2025இல் மத்திய ரயில் நிலையம் வரை நீண்டுள்ளதால் நகருக்குள் செல்வது எளிதாயிற்று. குளிர்காலமே ஏற்றது. ஒரு நாள் ஜாஜ்மாவுக்கும், ஒரு நாள் நானா சாகிபு வாழ்ந்த பிட்டூருக்கும் ஒதுக்கலாம். பட்டறைகளுக்குச் செல்வோர் முன்னதாகச் சொல்லி அனுப்பிவிட்டுச் செல்வது நல்லது. வேலை நேரத்தில் அவர்களுடைய ஒவ்வொரு நாழிகையும் கூலியாகும். படம் எடுக்குமுன் கேட்டு எடுக்க வேண்டும். விலை பேசும்போது, ஒரு வாரை இழுத்து, நறுக்கி, சீவி, பசையிட்டுப் பின்னிய நேரத்தை மனத்திற் கொள்ள வேண்டும்.

நாம் அனைவரும் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள். வந்த ஊரின் கோயில்களைக் காண்கிறோம், கடைத்தெருக்களைக் காண்கிறோம். அவ்வூரின் உழைக்கும் கைகளையும் கண்டால்தான் அந்த ஊரில் வாழ்ந்ததாகப் பொருள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நூலில் படித்த பரப்பளவும் ஒலியின் வேகமும் அங்கே ஒரு முதியவரின் விரல் நுனியில் இருப்பதை அவர்கள் காணட்டும். அவரை 'உஸ்தாத்' என்று வணங்கி அழைக்கவும் கற்றுக்கொள்ளட்டும்.